கால்வாய் வழியாகப் பிறந்த சாட்சி

முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மற்றதைச் சொல்லத் தெம்பு வரும். எங்கள் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்த ஒரு பெண்மணியின் கழுத்தில் நான் என் வலது காலை வைத்திருக்கிறேன். ஆத்திரத்தில் இல்லை. கால் தவறியும் இல்லை. பம்ப்செட் தண்ணீரில் காலைக் கழுவி, கைக்குட்டையால் துடைத்து, கிழக்கு எது என்று விசாரித்துத் திரும்பி நின்று, நிதானமாக வைத்தேன். ஓர் உப்பளமே சுற்றி நின்று பார்த்தது. ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள். அந்தப் படம் கோர்ட்டில் ஓடியது. என் கால் நீதிமன்ற ஆவணம் ஆனது.

இதை இப்போது எழுதக் காரணம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, கொஞ்ச நேரம் பேசவிட்டு, மதியச் சாப்பாடு போட்டு அனுப்பும் வழக்கம் எங்கள் கம்பெனியில் உண்டு. போயிருந்தேன். பிள்ளைகள் கையில் ஒரு ஆப் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படம் எடுத்துப் போட்டால் அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குக் காட்டுகிறது. கழுத்து வலி என்றால் யோசிக்காமல் சிவப்பு.

"உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம, ஒருத்தருக்கு நெஜமாவே கழுத்து வலிதானான்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பின்னாலேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுவோம்மா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துவிட்டார்கள். அதுதான் அப்போதைய அறிவியல் என்று சொல்லச் சால்வை இடம் கொடுக்கவில்லை.

தாவரவியல் படித்துவிட்டு மோட்டார் இன்சூரன்ஸில் நுழைந்தவன் நான். பயிற்சி என்ற பெயரில் பம்பருக்கும் பானெட்டுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்து, டிபன் கூப்பன் கொடுத்தார்கள். மிச்சத்தையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் என் மேலதிகாரி கோதண்டராமன் சார்.

நின்றிருக்கும் வண்டியை இன்னொரு வண்டி பின்னாலிருந்து இடித்தால், உடம்பு வண்டியோடு முன்னால் போய்விடும். தலை மட்டும் 'நான் வரலை' என்று ஒரு நொடி அடம் பிடித்துப் பின்தங்கி, பிறகு அலறியடித்து ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். இந்த இழுபறியில் நடுவே மாட்டிக்கொண்ட கழுத்து படும் பாட்டுக்கு விப்லாஷ் என்று பெயர். சாட்டைச் சொடுக்கு. எங்கள் பக்கத்தில் சுளுக்கு. இதில் எலும்பு முறியாது, ரத்தம் வராது, எக்ஸ்ரேயில் கழுத்து போட்டோவுக்கு நிற்கும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கும். கால் உடைந்தவனை நம்ப ஒரு படம் போதும். கழுத்து வலிக்காரனை நம்ப மனசு வேண்டும். மனசு எங்கள் ஸ்டேஷனரி அலமாரியில் கிடையாது.

கோதண்டராமன் சார் யாரையும் 'நடிக்கிறான்' என்று சொல்லமாட்டார். அது அவருக்குக் கொச்சை. 'ஆர்வம்' என்பார். ஃபைலைப் புரட்டிவிட்டு, "இவருக்குக் கழுத்துல கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தியா தெரியுதே" என்றால், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். அவருக்குச் சுழல் நாற்காலி. இந்தப் பக்கம் பார்க்கவேண்டுமானால் நாற்காலியோடு வருவார். அந்தப் பக்கம் பார்க்கவேண்டுமானால் நாற்காலியோடு போவார். அவர் கழுத்து தனியாகத் திரும்பி எங்களில் எவனும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கழுத்துகளை அவர் விட்டுவைக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து திடீரென்று "ஏம்பா!" என்பார். திடுக்கிட்டுத் திரும்புவோம். "நல்லாருக்கு. நல்லாருக்கு. நாளைக்குக் கீழ விழுந்துட்டு கிளெய்ம் கேக்காத" என்று போய்விடுவார்.

இந்த 'ஏம்பா'தான் சோதனை. அதற்கு ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார். கூப்பிடுபவன் ஆளுக்குப் பின்னால் நிற்கவேண்டும். ரொம்பப் பக்கத்தில் நின்றால் ஆள் துள்ளுவான், துள்ளல் கணக்கில் வராது. ரொம்பத் தள்ளி நின்றால் ஊரே திரும்பும். குரல் சொந்தக்காரன் குரலாக இருக்கவேண்டும், அதுவும் பந்திக்குக் கூப்பிடுகிற சொந்தக்காரன் குரல். கடன் கொடுத்தவன் குரலில் கூப்பிட்டால் கழுத்து நன்றாக இருப்பவன்கூடத் திரும்பமாட்டான். கூப்பிட்டதும் முகவாய் முதலில் தோள்பக்கம் வந்தால் ஆர்வம். தோளும் மார்பும் இடுப்பும் சேர்ந்து அலமாரியைத் திருப்புகிற மாதிரித் திரும்பினால் நிஜவலி.

இது பலித்தும் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பின்னாலிருந்து "மச்சான்!" என்று கூப்பிட்டேன். பட்டை அப்படியே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குள்ளே தலை மட்டும் திருகாணி மாதிரித் திரும்பி, "சாப்ட்டியா மச்சான்?" என்று என்னைக் கேட்டது. அன்று கோதண்டராமன் சார் எனக்குக் காபி வாங்கிக்கொடுத்தார். அந்த ஒரு காபியின் திமிரோடுதான் நான் மரக்காணம் போனேன்.

ஆரோக்கியமேரி உப்பு சுமக்கும் பெண். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்து, வரப்பு மேலேயே நடந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டவேண்டும். சுமைக்காரிகள் வரிசையில் முதல் ஆள் அவர்தான். அவர் நடைக்குத்தான் மற்றவர்கள் நடப்பார்கள். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடுகள் குறுக்கே வர, ஆட்டோக்காரர் நிறுத்தினார். ஆடுகளுக்கு மரியாதை தரத் தெரியாத ஒரு கார் பின்னாலிருந்து இடித்தது. புதுச்சேரிக்கு ஜாலியாகப் போய்க்கொண்டிருந்த கார். எங்களிடம் இன்சூர் செய்த கார். ஓட்டியவர் இறங்கித் தன் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலையே?" என்றாராம். பம்பரிடம் கேட்கிறாரா நம்மிடம் கேட்கிறாரா என்று தெரியாததால் யாரும் பதில் சொல்லவில்லை. மேரி நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலை எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'எலும்புக் காயம் இல்லை. சாதாரண காயம்' என்று இருந்தது. சாதாரணம் என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் வக்கீல் ஒரு வருஷம் ஓட்டக்கூடியவர். போதாததற்கு, மேரி தினமும் உப்பளத்துக்குப் போகிறார் என்று அவருக்குத் தகவல். கோதண்டராமன் சார் நாற்காலியோடு என் பக்கம் வந்தார்.

"கழுத்து திரும்பலையாம். ஆனா உப்பளம் போறாங்களாம். ஆர்வம் எந்தப் பக்கம்னு பாத்துட்டு வா."

உப்பு வியாபாரி வேஷத்தில் போனேன். இன் பண்ணின சட்டை, பாலீஷ் போட்ட ஷூ, கையில் ரெக்ஸின் பை. உப்பு வியாபாரி எப்படி இருப்பான் என்று நான் யோசித்த லட்சணம் அது. வெயில் பாத்திகளில் விழுந்து கண்ணைக் குத்தியது. பெண்கள் கூடை சுமந்து வரிசையாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஓர் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பந்திக்குக் கூப்பிடுகிற குரலை வரவழைத்து, "மேரீ!" என்று கூப்பிட்டேன்.

வரிசையே திரும்பியது.

எனக்கு அந்த யோசனையே வரவில்லை. அந்த வரிசையில் ஜெயமேரி இருந்தார், ஸ்டெல்லாமேரி இருந்தார், பெரிய மேரி இருந்தார், சின்ன மேரி இருந்தார். மேரி அல்லாத அஞ்சலையும், எவன் கூப்பிடுகிறான் என்று பார்க்கத் திரும்பினார். அது போகட்டும். அத்தனை பேரும் அலமாரி மாதிரித் திரும்பினார்கள். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒன்றாக, கவாத்துப் பழகின போலீஸ்காரர்கள் மாதிரி. தலையில் உப்புக் கூடை இருக்கும்போது கழுத்தை மட்டும் திருப்பினால் உப்பு கண்ணில் கொட்டும் என்பது, காபியில் மிதந்துகொண்டிருந்த என் மூளைக்கு அப்போதுதான் எட்டியது. கோதண்டராமன் சார் சாஸ்திரப்படி அந்த உப்பளத்தில் எல்லாருக்கும் விப்லாஷ். கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான்.

திரும்பாத ஒரே ஆள், ஓரத்தில் தென்னங்கீற்று நிழலில் உட்கார்ந்து சாக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த பெண்மணி. மூட்டையின்மேல் மூட்டை ஏற்றி, தைக்கிற வாயைத் தன் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊசியை நிறுத்தாமல், எதிரே இருந்த சாக்கைப் பார்த்தபடியே சொன்னார்:

"யாருப்பா அது? முன்னாடி வா."

அவர்தான் ஆரோக்கியமேரி. திரும்புவதையே விட்டுவிட்டவர். பேசவேண்டியவன் எவனானாலும் முன்னால் வந்து நிற்கவேண்டும். என் ரிப்போர்ட்டில் 'முகவாய்', 'தோள்' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. 'முன்னாடி வா' என்பதற்குக் கட்டமே இல்லை.

முன்னால் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். பாத்திச் சேறு ஷூவைப் பிடித்துக்கொண்டது. கால் வந்தது, ஷூ வரவில்லை. இன்னொரு காலை வைத்தேன். அந்த ஷூவும் தங்கிவிட்டது. காலுறையோடு போய் நின்றேன்.

"உப்பு வாங்க வந்தேம்மா" என்றேன்.

அஞ்சலை கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். ஒல்லியான, குரல் பெருத்த பெண்மணி. "உப்பு வாங்க வந்தவரு மேரின்னு எதுக்குக் கூவுறாரு? ஷூ போட்டுக்கினு பாத்தியில எறங்குறவன் எவனாச்சும் உப்பு வாங்குவானா? ஏ மேரி, உன் கேசு ஆளுடி. இன்சூரன்சு."

"தெரியுது" என்றார் மேரி, ஊசியை இழுத்தபடி. "குந்துங்க சார். அந்தப் பக்கம் இல்ல, எதுக்க குந்துங்க."

உட்கார்ந்தேன். வேஷம் கலைந்தால் கேள்வி கேட்பதுதான் முறை. கேட்டேன்.

"சுமை தூக்குறீங்களா?"

"தூக்குனா இங்க குந்திக்கினு சாக்கு தைப்பனா?"

"அவளா?" என்று அஞ்சலை இழுத்தார். "கழுத்து மகாராணி சார் அவ. ஆட்டோவுல கூடத்தான் நானும் இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆவல. இவளுக்கு மட்டும் கழுத்து புடிச்சிக்கிச்சாம். கேசு போட்டதுலேர்ந்து திரும்பமாட்டா, குனியமாட்டா. நாங்கதான் சினிமா போஸ்டர் பாக்குற மாதிரி முன்னாடி போய் நிக்கணும்."

சுற்றி நின்ற மேரிகள் சிரித்தார்கள். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார்.

"பாத்தீங்களா சார்? கார்க்காரன் ஒண்ணும் ஆவலன்னான். டாக்டரு சாதாரணம்னு எழுதிட்டாரு. கூட வேல செய்யிறவளுங்க ஆக்டிங்குன்றாளுங்க. நான் இவளுங்களுக்கு முன்னாடி நடந்தவ. நஷ்டஈடு வரட்டும், வராம போவட்டும். மேரி பொய் சொல்லலன்னு ஒரு ஆபீசரு, ஒரே ஒரு ஆபீசரு, வாயால சொல்லணும். அதுக்கோசரம்தான் கோர்ட்டுக்கு அலையறேன்."

இந்த இடத்தில் பேனாவை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கவேண்டும். ஆனால் அவர் தொடர்ந்தார்.

"அனுமந்தையில ஒருத்தரு இருந்தாரு. கால் வழியா பொறந்தவரு. சுளுக்குன்னா அவருதான். காலால நீவி விட்டாரு, ஒரு வாரம் தல நல்லா திரும்பிச்சு. இப்போ மருமவன் வூட்டோட மெட்ராசு போயிட்டாரு. இந்தப் பக்கம் கால் வழியா பொறந்தவங்களே இல்ல சார் இப்ப. எல்லாம் ஆப்ரேசன்ல பொறக்குதுங்க."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும்: பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்களின் காலுக்குச் சுளுக்கு எடுக்கும் சக்தி உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த இனத்தில் நானும் ஒருவன். வானூரில் சின்ன வயசில் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஊரான் முதுகில் எல்லாம் நிற்கவைத்திருக்கிறார்கள். முறுக்கு கொடுப்பார்கள்.

விசாரணைக்குப் போன இடத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதைப் பலருக்கு நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இத்தனை பெண்கள் முன்னால் காலுறையோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஏதாவது ஒரு பெருமை வேண்டியிருக்கிறது.

"நான்கூட கால் வழியா பொறந்தவன்தாம்மா" என்றேன்.

கூடைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அப்புறம் நடந்தவற்றில் என் சம்மதம் கேட்கப்படவில்லை. அஞ்சலைதான் மேற்பார்வை. காலுறையை உருவினார்கள். பம்ப்செட்டில் கழுவச் சொன்னார்கள். மேரி ஒரு சாக்குக் கட்டின்மேல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று, உப்பு வாரும் பலகையின் கம்பை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்கவேண்டும். இன்னொரு காலின் கட்டைவிரலால் பிடரியிலிருந்து கீழ்நோக்கி மூன்று தரம் நீவவேண்டும்.

"அய்யோ, வேணாம்மா, நான் ஆபீசுக்குப் பதில் சொல்லணும்."

"காலு உங்களுதா, ஆபீசுதா?" என்றார் அஞ்சலை. இந்தக் கேள்வி பின்னால் கோர்ட்டிலும் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வைத்தேன். நீவினேன். இரண்டாவது தரம் கட்டைவிரல் ஓரிடத்தில் தட்டுப்பட்டது. பிடரிக்கு வலது பக்கம், தோலுக்கு அடியில், கல் உப்புக் கட்டி மாதிரி இறுகிப்போன ஒரு முடிச்சு. மேரி "ம்" என்றார். அவ்வளவுதான். வேலையில் நான் கேட்காத வலிச் சத்தம் கிடையாது. ஆர்வக்காரர்கள் நாம் தொடுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிடுவார்கள். இந்தச் சத்தம் தொட்ட பிறகு வந்தது. வந்ததும் உள்ளே விழுங்கப்பட்டது. எனக்கு வெயிலிலும் உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பில் கம்பு வழுக்கி உப்பு அம்பாரத்தில் சாய்ந்தேன். மேரிகள் எல்லாரும் சேர்ந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அஞ்சலையின் கையில் செல்போன் நிமிர்ந்து இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஆபீஸில் கோதண்டராமன் சார் ரிப்போர்ட்டைப் படித்தார். காலைப் பற்றி நான் எழுதவில்லை.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் சார்."

"முகவாயா, தோளா?"

"ரெண்டும் இல்ல சார். முன்னாடி வான்னு சொன்னாங்க."

"நீ என்ன பண்ணின?"

"முன்னாடி போனேன் சார்."

ரிப்போர்ட்டை மூடிவைத்தார். "சோதனை அவங்களுக்கா, உனக்காய்யா?" என்றார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. மேரிக்குத் தமிழரசி என்று ஒரு வக்கீல். பார்த்தால் கல்லூரி மாணவி மாதிரி இருப்பார். கேள்வி கேட்டால் நமக்குத்தான் பரீட்சை. நான் கம்பெனி தரப்புச் சாட்சி. மனுதாரர் உப்பளத்தில் இருந்தார், கூப்பிட்டபோது கழுத்தை அசைக்கவில்லை, எனவே வேண்டுமென்றே ஜாக்கிரதையாக இருந்தார் என்று சொல்லவைக்க எங்கள் வக்கீல் திட்டமிட்டிருந்தார். திரும்பினால் நடிப்பு, திரும்பாவிட்டால் ஜாக்கிரதை. அழகான திட்டம்.

தமிழரசி எழுந்து நின்று, ஒரு வீடியோவைக் காட்ட அனுமதி கேட்டார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வீடியோ ஓடியது. கொக்கு நின்றது. கால் நீவியது. கொக்கு உப்பில் சாய்ந்தது. பின்னணியில் அஞ்சலையின் குரல்: "நல்லா அமுத்தி நீவுங்க சார், கம்பெனி காசா?" கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி அம்மா தண்ணீர் தம்ளரை எடுத்து முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார்.

"வீடியோவில் இருப்பது யாருடைய கால்?"

"என்னுடையது."

"பணி நேரத்திலா?"

"ஆமாம்."

"அன்றைக்குப் பயணப்படி வாங்கினீர்களா?"

"ஆமாம்."

"அப்படியானால் அந்தக் கால் கம்பெனி வேலையாகத்தான் மரக்காணம் போயிருக்கிறது. மனுதாரர் கழுத்தில் சுளுக்கு இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்தீர்களா? அல்லது சுளுக்கே இல்லாத ஒரு பெண்ணின் கழுத்தில் காலை வைத்தீர்களா?"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. முதலாவதைச் சொன்னால் கம்பெனி தோற்கும். இரண்டாவதைச் சொன்னால் கம்பெனி தப்பிக்கும், நான் ஜெயிலுக்குப் போவேன். எங்கள் வக்கீல் கண்ணாலேயே 'ஞாபகம் இல்லை என்று சொல்லு' என்றார். வீடியோவே ஓடிய பிறகு என்ன ஞாபகம் இல்லை?

கடைசி பெஞ்சில் மேரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அஞ்சலை. அஞ்சலை ஏதோ காதில் சொல்ல, மேரி உடம்போடு அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டு, உடம்போடு என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு ஆபீசர் வாயால் சொல்லவேண்டும் என்றாரே, அந்த ஆபீசர் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். துரதிர்ஷ்டவசமாக அது நான்.

"சுளுக்கு இருந்தது" என்றேன். "பிடரிக்கு வலப்பக்கம். முடிச்சு மாதிரி. அவர் பொய் சொல்லவில்லை. என் காலுக்குத் தெரிந்தது."

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். "நீங்கள் மருத்துவரா?"

"இல்லை."

"பிறகு எந்தத் தகுதியில் சொல்கிறீர்கள்?"

"கால் வழியாகப் பிறந்தவன் என்ற தகுதியில்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அவர் தெற்கத்திக்காரர், இந்த வழக்கம் தெரியாது போல. "எந்தக் கால்வாய் சார்?" என்றார். "பக்கிங்காம் கால்வாயா?"

கோர்ட் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பில் யாரும் அவரைத் திருத்தவில்லை. என் வாக்குமூலத்தில் இன்றைக்கும் 'சாட்சி கால்வாய் வழியாகப் பிறந்தவர்' என்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது பார்த்தேன். ஏற்கெனவே போன மானத்தில் இது என்ன பெரிய விஷயம் என்று போட்டுவிட்டேன்.

நான் சொன்னதை மட்டும் வைத்துத் தீர்ப்பு வரவில்லை; நம் நீதிமன்றங்கள் அந்த அளவுக்குக் கால்களை நம்புவதில்லை. நீதிபதி அம்மா மேரியை எலும்பு டாக்டரிடம் மறுபடி அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் தெரியாதது அதில் தெரிந்தது. சுமை தூக்கமுடியாத கழுத்து என்று சான்று வந்தது. நஷ்டஈடு கிடைத்தது. தீர்ப்பில் ஒரு வரி: காயம் உண்மையே என்பதை எதிர்த்தரப்புச் சாட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வரியை மேரி உப்பளத்தில், கூடை இறக்கும் நேரத்தில், எல்லா மேரிகள் முன்னிலையிலும் தமிழரசியை விட்டு உரக்கப் படிக்கவைத்தாராம். இரண்டாவது தரம் அஞ்சலையே படித்தாராம். 'கழுத்து மகாராணி' என்ற பட்டம் மட்டும் போகவில்லை. ஆனால் இப்போது அதை மரியாதையாகச் சொல்கிறார்களாம்.

தீர்ப்பு வந்த அன்று கோதண்டராமன் சார் அறைக்குள் போனேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். "சார்" என்றேன். பின்னாலிருந்துதான்.

நாற்காலி அசையவில்லை. கழுத்து மட்டும், முகவாய் தோளைத் தொட, சர்ரென்று திரும்பியது.

"உங்க கழுத்து நல்லாருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். என் இன்க்ரிமெண்ட் ஏன் நின்றது என்று பிள்ளைகள் கேட்டால் இதையும் சொல்லலாம்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள், பிரம்மதேசம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், மரக்காணத்தில் இறங்கி உப்பளத்துக்குப் போனேன். செருப்பு போட்டுக்கொண்டுதான் போனேன்; அனுபவம் இருக்கிறதே. மேரி இப்போது லாரிக்கு மூட்டை எண்ணிவிடும் மேஸ்திரி. தலைக்குச் சுமையில்லை. நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். சந்தோஷமாகச் சிரித்தார். டீ வரவழைத்தார். கோர்ட்டில் நான் சொன்னதை நினைத்து நன்றி சொல்லப்போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டீங்களே சார்?"

"சொல்லுங்கம்மா."

"அன்னிக்கு நீங்க நீவி விட்டீங்களே, ஒண்ணுமே கேக்கல சார். ஒரு சொட்டுக்கூட. அனுமந்தைக்காரரு காலு காலுதான்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வானூரில் அக்கா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புலம்பினேன். கோர்ட்டில் சத்தியம் செய்த காலைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்றேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"டேய், கால் வழியா பொறந்தது நான்டா. பொம்பளப் புள்ள ஊரான் முதுகுல காலை வெக்கக்கூடாதுன்னு அம்மா உன்னை அனுப்பிச்சு வெச்சாங்க. நீ எல்லாரையும் மாதிரி தல வழியாத்தான் பொறந்த. பாத்தா தெரியாது, அவ்ளோதான்."